லாரிக்குள் விழுந்த பந்து

பந்து என் மடியில்தான் விழுந்தது.

மழை விட்ட மறுநாள். மைதானம் முழுக்கச் சேறு. வெறும் மண் சேறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு நாளைக்கு முன் மாட்டுச் சந்தை கூடிய இடம் அது. சாணியும் மூத்திரமும் வைக்கோலும் கலந்து மிதிபட்ட சேறு. அதில் உருண்டு புரண்ட பந்து உயரக் கிளம்பி, காற்றில் ஒரு திரும்பு திரும்பி, லாரியின் பின்கதவைத் தாண்டி என் புதுப் பாவாடையில் வந்து உட்கார்ந்தது.

நான் கத்தவில்லை. இரண்டு கையாலும் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மைதானத்தில் இருந்த அத்தனை ஆட்டக்காரர்களும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மிணி, அந்தக் கெழக்கால நிக்கறவனுக்குப் போடு."

"அவனுக்கு எதுக்கு? நம்ம பசங்களுக்குப் போடு புள்ள."

லாரிக்குள் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ருக்குமணி அக்கா ஒரு அதட்டு அதட்டினாள்.

"ஆரும் பேசாதீங்க. பந்து அவ மடியில உளுந்துது. அவளே போடட்டும்."

நான் எழுந்து நின்றேன். நீலச் சட்டை கிழிந்த ஒருவனைப் பார்த்து வீசினேன். ஏன் அவனுக்கு என்றால், அவன்தான் பார்க்க லட்சணமாக இருந்தான். அவன் எறிந்த பந்து நேராக எதிராளியின் காலுக்குப் போய்விட்டது. ஆனாலும் வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சென்ற வாரம் இந்தத் தொடரை, பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி அதைத்தான் தொடர வேண்டும். மாட்டேன். பால் எங்கேயும் ஓடிப்போகாது. இந்த வாரம் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

சந்தை மைதானம்

எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். அங்கே கூடும் சந்தை பெரியது, பெயர் பெற்றது. எங்கள் ஊர்ச் சந்தை சின்னது, அக்கம்பக்கத்து மாடுகளோடு சரி. ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கபடி என்றால் உயிரை விடுவார்கள். இந்தப் பக்கம் எங்களுக்குக் கால்பந்துதான் பைத்தியம்.

மைதானம் என்று தனியாக எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை மாட்டுச் சந்தை, ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம் என்பதால் அந்தப் பெயர். எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாக மாடு கட்டுகிற கல்லுகள். முழங்காலில் தழும்பில்லாத ஆட்டக்காரன் எங்கள் ஊரில் இருந்ததில்லை. கிழக்கு கோலுக்குப் பின்னால் மாடு தண்ணீர் குடிக்கும் கல் தொட்டி. கோல் காக்கிற கோலிக்கு வியர்த்தால் திரும்பி அதிலேயே அள்ளி முகம் கழுவிக்கொள்வான். அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோதே ஒருவனுக்குக் கோல் விழுந்திருக்கிறது. மூலையில் மாடுகளை லாரியில் ஏற்றுவதற்கான மண் மேடு. அதில் நின்றுதான் கார்னர் கிக் எடுப்பவனைச் சின்னப் பையன்கள் கேலி செய்வார்கள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற அந்தக் காற்றுக்கு விசில் சத்தமும் கேட்காது, ரெஃப்ரியும் தெரியாது. கோலி உதைத்த பந்து போன வழியே திரும்பி வருவதை எங்கள் ஊரில்தான் பார்க்க முடியும்.

இப்போது அங்கே பச்சைப் பசேலென்று செயற்கைப் புல். சுற்றிக் கம்பி வேலி, விளக்குக் கம்பம், கான்கிரீட் கேலரி. சந்தையை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்லும் தொட்டியும் மேடும் போயாயிற்று. இதற்காக நான் அழவில்லை. சாணிச் சேற்றில் பையன்கள் கால் முறிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். நல்ல தரை வந்தால் நல்லதுதான். என் கோபம் தரை மேல் இல்லை.

நம்ம வண்டி

கூட்டத்தில் நின்று பெண்கள் பந்து பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். சொன்னவர்கள் எல்லோரும் ஆண்கள். சாயங்காலமானால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். வீட்டில் இருந்தபடி கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு நாங்கள் தட்டப்பயறு உரிக்க வேண்டும்.

இதை உடைத்தது ருக்குமணி அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் மாரப்பன் மாமா மாட்டு வியாபாரி. சொந்தமாக லாரி வைத்திருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் அவரிடம் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"ஏனுங்க, கூட்டத்துல நிக்கறதுதான தப்பு? நம்ம வண்டியில உக்காந்திருந்தா அது ஊட்டுக்குள்ள உக்காந்த மாதிரிதானுங்க?"

மாமாவுக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர்களிடம் போய் அதையே சொன்னார். அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கல் தொட்டித் தண்ணீரில் கழுவி, புது வைக்கோல் பரப்பி, மேலே நெல் காயவைக்கும் படுதாவை விரித்து, பின்பக்கம் ஆட்டத்தைப் பார்க்கும்படி நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தினார். பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தார். அக்கா ஏறினாள். அவள் நாத்தனார் ஏறினாள். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் என் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினாள்.

"மாடு ஏறுற பலகையில பொம்பளைங்க ஏறுறாங்க பாருங்கடா" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

அக்கா பலகையின் நடுவிலேயே நின்று திரும்பினாள். "மாடு ஏறுறப்ப எல்லாரும் அவுங்கவுங்க சோலியப் பாக்கறீங்கல்ல? இப்பவும் பாருங்க."

அடுத்த வாரம் இன்னொரு வியாபாரியின் லாரி வந்து பக்கத்தில் நின்றது. அதற்கடுத்து டிராக்டர் டிரெய்லர்கள். சீசன் முடிவதற்குள் மைதானத்தின் தெற்குப் பக்கம் முழுக்க வண்டிகள், வண்டி நிறையப் பெண்கள். கைக்குழந்தைக்காரிகள் மாட்டுக் கயிற்றிலேயே லாரிக்குள் தூளி கட்டினார்கள். ஊரில் எல்லோரும் அதை லாரி கேலரி என்றார்கள். ஆட்டத்தைப் பார்க்க அந்த மைதானத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஏறாதே

பந்து முதல் முதலாக லாரிக்குள் விழுந்த அன்று ஒரு சண்டை வந்தது. பந்தை எடுக்க வெளியூர் ஆட்டக்காரன் ஒருவன் ஓடி வந்து பலகையில் கால் வைத்துவிட்டான். மாமா மாட்டுக் குச்சியோடு குறுக்கே நின்றார்.

"பொம்பளைங்க இருக்கற எடத்துல ஏறாதே."

"பந்து வேணுமுங்க."

"வேணுமுன்னா கீழ நின்னு கேளு."

ரெஃப்ரி ஓடி வந்தார். அவரும் ஏற முடியாது. கடைசியில் பெண்களே பந்தை வெளியே போடட்டும் என்று முடிவாயிற்று. யாருக்குப் போடுகிறார்களோ அவன் த்ரோ எறிந்துகொள்ளட்டும். யார் காலில் பட்டு வந்தது என்ற வழக்கெல்லாம் வேண்டாம். இதுதான் எங்கள் ஊர் சட்டம். வேறெந்த மைதானத்திலும் இப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்பதைக்கூட மாமியாரிடம் கேட்டுச் செய்கிற பெண்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், ஊரே பார்த்திருக்க, ஆட்டம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். சொன்னபடி போயிற்று.

வெளியூர் டீம்களுக்கு விஷயம் தெரிந்துபோனது. மலப்புறம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீமின் கேப்டன் ஆட்டத்துக்கு முன்பே ஒரு பெரிய அல்வாப் பொட்டலத்தோடு லாரிக்கு முன்னால் வந்து நின்றான். சேச்சி, சேச்சி என்று ஒரே குழைவு. நாங்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பந்து விழுந்தது. அக்கா எடுத்து எங்கள் ஊர்ப் பையனுக்குப் போட்டாள். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அல்வா நெம்ப நல்லா இருந்துதுங்க" என்றாள் அக்கா. "அது வேற, பந்து வேற."

எப்போதும் சொந்த ஊர்ப் பக்கம்தான் போடுவோம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு தடவை எங்கள் ஊர்ப் பையன் எதிராளியைக் கணுக்காலில் மிதித்தான். ரெஃப்ரி பார்க்கவில்லை. லாரி உயரத்திலிருந்து நாங்கள் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பந்து எங்களிடம் வந்தது. அக்கா அதைக் கொண்டுபோய் நொண்டிக்கொண்டிருந்த அந்த வெளியூர்ப் பையனின் கையில் வீசினாள். ஊரே ஊளையிட்டது. சோடா மூடிகள் பறந்து வந்தன. அக்கா அசையவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த மாரப்பன் மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெளியிலிருந்து வந்த ஒரு ரெஃப்ரி மட்டும் இந்தச் சட்டத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். விசில் ஊதி, எந்தப் பக்கத்துக்குத் த்ரோ என்று அவரே கை காட்டினார். அக்கா பந்தைக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சேச்சி, பந்து தரணம்."

"தர்றனுங்க. ஆருக்குன்னு நாங்க சொல்றமுங்க."

ஆட்டம் நின்றது. கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ரெஃப்ரிதான் இறங்கி வந்தார்.

ஆத்யமாயி

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

புது மைதானத்தின் உத்காடனத்துக்கு, அதாவது திறப்பு விழாவுக்கு, எல்லோரையும் அழைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நானும் ருக்குமணி அக்காவும் போனோம். அவளுக்கு முட்டி வலி. மாமா போன பிறகு வெளியே அதிகம் வருவதில்லை. அன்றைக்கு மட்டும் பூ வைத்துக்கொள்ளாத குறையாகக் கிளம்பி வந்தாள்.

மைதானத்தை நடத்தும் கிளப்பில் வேலை செய்யும் பையன்கள் எங்களைக் கையைப் பிடித்து மரியாதையாக அழைத்துப்போனார்கள். எங்கே? கிழக்கு கோலுக்குப் பின்னால். அங்கே ரோஸ் கலர் பெயின்ட் அடித்து ஒரு சின்ன கேலரி. முன்பக்கம் முழுக்க வலை, பக்கவாட்டில் வலை, கோழிக்கூண்டு மாதிரி. சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிர் கோலில் ஆள் நிற்கிறானா கம்பம் நிற்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கல்வெட்டு. அதைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தார்கள்.

ஒரு பெரிய மனிதர் துணியை இழுத்தார். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் முழங்கினார்.

"ஈ நாட்டின்றெ சரித்ரத்தில் ஆத்யமாயி வனிதகள்க்கு ஒரு காலரி!"

கல்வெட்டிலும் அதேதான், மலையாளத்திலும் தமிழிலும். இவ்வூரின் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கு ஒரு கேலரி.

சரி, சிமென்ட்டில் கட்டியது முதன்முறைதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் கிளப் செக்ரட்டரி சிவராஜ் மைக்கை வாங்கித் தமிழில் ஆரம்பித்தான்.

"நம்மூர்ல இதுவரைக்கும் பொம்பளைங்க பந்து பாக்க வந்ததே இல்லீங்க. அவுங்கள ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தோம். இன்னைக்கு அவுங்களுக்கும் கதவு தொறந்தாச்சுங்க. எல்லாரும் ஒரு கைதட்டு!"

கைதட்டினார்கள். என்னைச் சுற்றியிருந்த இளம்பெண்களும் தட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம். நான் சிவராஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பன் பொன்னுசாமியை லாரித் தூளியில் போட்டு ஆட்டியவள் நான். ஆட்டம் விறுவிறுப்பானால் தூளியை விட்டுவிடுவேன், அவன் வீல் என்று அழுவான். அந்தப் பொன்னுசாமி பெற்ற பிள்ளை மைக்கைப் பிடித்துச் சொல்கிறான், நாங்கள் வந்ததே இல்லையாம்.

ருக்குமணி அக்கா கல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமா?" என்றாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"மைக்ல சொன்னாங்களே"

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. என்ன என்று கேட்டேன். மருமகள் சங்கீதாதான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

சங்கீதா உடுமலைப் பக்கத்துப் பெண். நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லாரிக் கதைகளை மாமியார் வாயால் கேட்டுக் கேட்டுப் பழகியவள். முந்தின நாள் சாயங்காலம் சாப்பிடும்போது விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலைங்க சித்தி. 'அத்தெ, இத்தன வருசமா எங்களுக்கு நல்லாத்தான் கத உட்டிருக்கறீங்க'ன்னேன். அவ்வளவுதானுங்க. மைக்ல சொன்னாங்களே, கல்லுலயும் எழுதியிருக்குதே. உங்க மவனும் சிரிச்சாருங்க. அதுக்குப் போய் அத்தெ சோத்துல கைய கழுவீட்டாங்க."

அக்கா கீரையைத் தள்ளிவைத்தாள்.

"சிரிச்சுட்டுப் போறாங்க உடு சரசு. நாஞ் சொன்னது பொய்யின்னு ஆயிப்போச்சு. என்ற ஊட்டுக்காரரு படுதா விரிச்சதும் பொய்யி. பெரியவங்ககிட்டப் போய் எனக்காவப் பேசினதும் பொய்யி. இனி நான் என்ன சொன்னாலும் கதைன்னுதான நெனைப்பாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாமாவிடமிருந்து அக்காவுக்கு நகையோ நிலமோ பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது அந்த லாரியும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளும்தான். ஒரு மைக்கும் ஒரு கல்லும் சேர்ந்து அதையும் பிடுங்கிக்கொண்டன. அதுவும் எங்கே? சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளை எதிரில்.

"வர்ற ஞாயித்துக்கெழம போறோம்" என்றேன். "நீயும் வா சங்கீதா."

எருமைக்கு இடம் உண்டு

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்வதற்கு முன்பே போய்விட்டோம். மெயின் கேலரிக்கு அடியில் உள்ள நடைபாதையில், சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய ஃபிளெக்ஸ். 'பழைய மைதானம்: ரசிகர்களின் நினைவுகள்' என்று தலைப்பு. உத்காடனத்தன்று நாங்கள் பாதியில் கிளம்பிவிட்டதால் அதைப் பார்த்திருக்கவில்லை.

ரசிகர்கள் நன்றாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கல் தொட்டியைப் பற்றி ஒருவர். முழங்கால் தழும்பைப் பற்றி ஒருவர். மண் மேட்டிலிருந்து கார்னர் எடுப்பவனைக் கேலி செய்ததைப் பற்றி ஒருவர். கணவாய்க் காற்றைப் பற்றி இரண்டு மூன்று பேர், அதில் ஒருவர் பாட்டே கட்டியிருக்கிறார். கடலை விற்றவரின் பெயர் இருக்கிறது. சைக்கிள் நிறுத்திய வேப்பமரம் இருக்கிறது.

ஒரு எருமையும் இருக்கிறது. ஏதோ ஒரு செமிஃபைனலில் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து, கோலுக்குப் போன பந்தைத் தன் வயிற்றால் தடுத்ததாம். அதற்குப் படத்தோடு, கட்டம் கட்டித் தனி இடம். 'மறக்க முடியாத டிஃபெண்டர்' என்று பட்டம் வேறு.

நான் அந்த ஃபிளெக்ஸின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படித்தேன். திரும்பியும் படித்தேன். லாரி என்ற சொல் ஒரே இடத்தில் வந்தது. எருமையை எந்த லாரியில் ஏற்றி அனுப்பினார்கள் என்பதைச் சொல்ல வந்திருந்தது. எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். முக்கால்வாசிப் பேரின் அம்மாவோ அத்தையோ அக்காளோ எங்களோடு வைக்கோலில் உட்கார்ந்திருந்தவர்கள். த்ரோவுக்காகக் கீழே நின்று கையேந்தியவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு எருமை நினைவிருக்கிறது.

குனியச் சொன்னவர்

அக்கா எதையும் படிக்கவில்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைய இருந்தன. தலையால் பந்து முட்டும் படம், கோலி பாய்கிற படம், எருமைப் படம். ஒன்றிலும் ஒரு பெண் முகம் இல்லை.

சிவராஜ் ஓடி வந்தான். "வாங்க பெரியம்மா. வாங்க வாங்க. லேடீஸ் கேலரி அந்தப் பக்கமுங்க."

நான் ஆரம்பித்தேன். லாரி, தூளி, அவன் அப்பன், எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இருக்கலாமுங்க பெரியம்மா. நான் இல்லைன்னு சொல்லலைங்க. எங்கயோ ஒண்ணு ரெண்டு பேரு எட்டிப் பாத்திருப்பாங்க. ஆனா பாருங்க, ஊர்ல இருந்த அத்தன போட்டோவும் தேடி எடுத்தோம். ஒண்ணுலயாச்சும் நீங்க இருக்கோணுமில்லீங்களா?"

அப்போதுதான் சங்கீதா வாயைத் திறந்தாள். அதுவரை ஒவ்வொரு படத்தையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இந்தப் படமெல்லாம் எங்க நின்னு எடுத்தது?"

"கிரவுண்டுல நின்னுதானுங்க."

"கிரவுண்டுல நின்னா ஆளுங்க தலை இப்படிக் கீழ தெரியுமுங்களா? எல்லாப் படமும் மேல இருந்து எடுத்த மாதிரி இருக்குது. எல்லாமே நடுக்கோட்டுக்கு நேரா. அப்ப அங்க மாடிக் கட்டடம் ஏதாச்சும் இருந்துதுங்களா?"

சிவராஜ் படங்களைப் பார்த்தான். கட்டடம் ஒன்றும் இருந்ததில்லை என்று அவனுக்கே தெரியும்.

ருக்குமணி அக்கா சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

"ஸ்டுடியோக்காரரு" என்றாள்.

எனக்கும் சட்டென்று வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் செமிஃபைனல், ஃபைனல் ஆட்டங்களுக்கு வருவார். கூட்டம் இடித்து கேமராவை உடைத்துவிடும் என்று பயம். மாமாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, முன்பக்கச் சக்கரத்தில் கால் வைத்து லாரியின் கேபின் டாப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வார். எங்கள் லாரியில் ஏற விட்ட ஒரே ஆம்பளை அவர்தான். எங்கள் தலைக்கு மேலாகத்தான் படம் எடுக்க வேண்டும். பந்து இந்தப் பக்கம் வந்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். பின்னாலிருந்து அவர் கத்துவார், தலையைக் குனி, தலையைக் குனி என்று. பெரிய புகைப்படக்காரர் சொல்கிறாரே என்று லாரியில் இருந்த அத்தனை பேரும் பொட்டலம் கட்டியது போல் குனிந்துகொள்வோம். அவர் எடுப்பார். கோல் விழுவதை எத்தனையோ தடவை நாங்கள் பார்க்காமல் போனதே அதனால்தான்.

நாங்கள் குனிந்ததால் வந்த படங்கள் அவை. அவற்றை வைத்தே நாங்கள் இல்லை என்கிறார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல என் குரல் நடைபாதை முழுக்க எதிரொலித்தது. டிக்கெட் கிழிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவராஜின் காது சிவந்தது. தலையைச் சொறிந்தான்.

"செரிங்க பெரியம்மா. ஒத்துக்கறனுங்க. ஆனா ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு. கல்லுல வெட்டினத இனி என்ன பண்றதுங்க? கமிட்டியில சொல்றேன். அடுத்த வருசம் பாக்கலாமுங்க."

"எங்க அத்தெ பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள் சங்கீதா. அவனிடம்தான் சொன்னாள், ஆனால் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அத மட்டும் இப்பவே மைக்ல சொல்லிருங்கண்ணா. மைக்குக்குக் கல்லு வெட்டவா போறீங்க?"

அவன் சொல்லவில்லை. கமிட்டியைக் கேட்காமல் சொல்ல முடியாதாம். வந்ததே இல்லை என்று சொன்னபோது எந்தக் கமிட்டியைக் கேட்டான் என்று நான் கேட்டேன்.

நடுக்கோட்டுக்கு நேரே

வெளியே டீம்கள் இறங்கி விட்டன. ரோஸ் கேலரிக்குப் போகிற வழி இடது பக்கம். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக மெயின் கேலரியின் படியில் கால் வைத்தாள். தெற்குப் பக்கத்தில், வண்டிகள் நின்ற அதே இடத்தின் மேல்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள்.

முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். ஒரு பக்கம் சங்கீதா, இன்னொரு பக்கம் நான். கேலரி முழுக்க ஆண்கள். ஒருவன் செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். பிடிக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றேன். நடுக்கோட்டுக்கு நேராக, நல்ல உயரத்தில் ஒரு வரிசையில் போய் அக்கா நின்றாள்.

வாலண்டியர் ஜெர்சி போட்ட பையன் ஒருவன் அவசரமாக இறங்கி வந்தான். மரியாதையான பையன்தான்.

"அம்மே, லேடீஸ் கேலரி அவிடெயா. கோலின்றெ புறகில்."

"தெரியும் சாமி" என்றாள் அக்கா. "அது போன வாரம் வந்துது. நாங்க அதுக்கு மிந்தியே வந்தவங்க. சித்த நகுந்து உக்காரச் சொல்லு."

அவன் எங்களைப் பார்த்தான், கீழே நின்றிருந்த செக்ரட்டரியைப் பார்த்தான். சிவராஜ் வேறு பக்கம் பார்த்தான். விசில் ஊதிவிட்டது. முன்னால் இருந்தவர்கள் ஆட்டம் மறைக்கிறது, உட்காருங்கள் உட்காருங்கள் என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள்.